மேடையில் பேசும்போது எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது?

"இடைவெளி விட்டுப் பேசுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நிறுத்தினால் பேச்சு மறந்துவிட்டதாக அவையினர் நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். பல ஆண்டுகள் நானும் அதனுடன்தான் மேடையேறினேன்.

எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியருக்கான நினைவேந்தல் கூட்டத்தில் ஒருமுறை பேசினேன். "விடை தப்பாகப் போனாலும் பரவாயில்லை, வந்த வழியை அழிக்காதே" என்று அவர் எங்களிடம் சொல்லுவார். அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் நின்றதாகவே என் நினைவு. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோது அந்த இடைவெளி ஒரு விநாடிகூட இல்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் பெருமூச்சு விடத் தொடங்குவது கேட்கிறது. அது முடிவதற்குள் என் அடுத்த வாக்கியம் அதன்மேல் விழுந்து மூடிவிடுகிறது. அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மேடையில் நம் காலக்கணக்கு இப்படிப் பிசகுவதற்குக் காரணம் உண்டு. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்து மொழிகளில் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையிலான நேரம் சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று கண்டது. வாழ்நாள் முழுவதும் அந்த வேகத்தில் பேசிப் பழகியவருக்கு மேடையில் ஒரு விநாடி மௌனமும் பெரும்பள்ளமாகத் தெரிவது இயல்பே. அவையிலிருப்பவருக்கு அந்தப் பதற்றம் இல்லை, ஏனெனில் பதில் சொல்லும் முறை அவருடையதல்ல; நீங்கள் சொன்னதை உள்வாங்கும் வேலையில் அவர் இருக்கிறார். நீங்கள் விடும் இடைவெளி அந்த வேலைக்காக அவருக்குக் கொடுக்கும் நேரம். எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது: கேட்பவருக்கு எங்கே வேலை இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில், "நான்காயிரம் நூல்கள் வாங்கினோம்; அவற்றில் ஒருமுறையேனும் வாசிக்க எடுத்துச் செல்லப்பட்டவை முந்நூறு" என்று சொல்ல வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 'முந்நூறு' என்பதற்கு முன் சற்று நின்றால், கேட்பவர் தம் மனத்தில் ஓர் எண்ணை ஊகித்துவிடுவார். உண்மையான எண் வரும்போது அது அவருடைய ஊகத்தோடு மோதும். அதற்குப் பின் நின்றால், மீதி மூவாயிரத்து எழுநூறு நூல்களும் அலமாரியில் தூசி படிந்து நிற்பதை அவர் தாமாகவே காண்பார். இரண்டு பக்கமும் நீண்ட நேரம் நின்றால் செயற்கையாகிவிடும். பின்னால் வரும் இடைவெளிதான் கூடுதல் மதிப்புள்ளது என்பது என் கருத்து. பெரும்பாலோர் தவறவிடுவதும் அதைத்தான்.

தமிழில் பேசுவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் மொழியில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'செய்தோம்' என்பதா 'செய்யவில்லை' என்பதா என்பது அந்த இறுதிச் சொல்லில்தான் தெரியும். மூச்சை முதற்பாதியிலேயே செலவழித்துவிட்டவருக்கு அந்த இறுதியில் குரல் தேய்ந்துபோகிறது, அப்போது வாக்கியத்தின் உயிரே கேட்பவரைச் சேர்வதில்லை. ஆகவே நீண்ட வாக்கியத்தில் கடைசிப் பகுதிக்கு முன்பாக ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு நடுவே வாங்காதீர்கள். 'செம்பொன்பதின்தொடி' என்ற பழைய இலக்கண எடுத்துக்காட்டு நினைவிருக்கலாம்: 'செம்பொன்' என்று நிறுத்தினால் பத்துத் தொடி பொன், 'செம்பு' என்று பிரித்தால் மீதி 'ஒன்பதின்தொடி' ஆகி, ஒன்பது தொடி செம்பு (தொடி என்பது பழைய எடையளவு). எழுத்து ஒன்றே, நிறுத்தும் இடம் மாறினால் பொருள் மாறுகிறது.

எவ்வளவு நேரம் என்பதற்கும் நம் இலக்கணப் பாடத்திலேயே ஒரு தொடக்கம் உண்டு. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று பள்ளியில் படித்திருப்போம். மாத்திரை என்பது இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம். அந்த அளவுகளை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் எல்லா நிறுத்தங்களும் ஒரே நீளத்தில் இருக்கக்கூடாது என்ற எண்ணம் மிகவும் பயனுள்ளது. அவையினரிடம் கேள்வி கேட்டால் இன்னும் நீளமாகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. மிக நீண்ட மௌனத்தை மட்டும் திட்டமிட வேண்டாம். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் டூசான் நகர நினைவுக் கூட்டத்தில், துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியைப் பற்றிப் பேசிய அன்றைய அதிபர் பராக் ஒபாமா 51 விநாடிகள் மௌனமாக நின்றார். அதைத் தாங்கியது அந்தத் துயரத்தின் கனம்.

நிறுத்தும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் உதடுகள் திறந்திருந்தால் 'வந்து', 'அதாவது' போன்றவை தாமாகவே நழுவி வெளியே வந்துவிடும். கண்கள் ஒருவருடைய முகத்தில் நிற்கட்டும்; மேற்கூரையையோ கைத்தாளையோ பதறித் தேடும் கண்கள்தான் நீங்கள் மறந்துவிட்டதை அவைக்குச் சொல்லும். உண்மையிலேயே மறந்துவிட்டாலும் இதே வழிதான்: வாயை மூடி, மெதுவாக மூச்சை இழுத்து, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்தது வந்துவிடும். வராவிட்டால் அந்தக் கடைசி வாக்கியத்தையே இன்னும் மெதுவாக, உரக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதை வலியுறுத்துவதாகவே அவை எடுத்துக்கொள்ளும்.