கடைக் குத்தகையில் நீட்டிப்பு உரிமையை எப்படிக் கேட்பது?

மூன்று ஆண்டுக் குத்தகைக்குக் கடை எடுக்கும் நீங்கள், நீட்டிப்பைப் பற்றி இப்போதே பேச வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் பேசுங்கள். அலமாரியும் ஏசியும் பொருத்திய பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

“இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம்” என்ற வரியை நம்பாதீர்கள். கட்டட உரிமையாளர் மறுத்தால் அதோடு முடிந்தது. “குத்தகைதாரர் விரும்பினால், குத்தகைக் காலம் முடிவதற்கு 3 மாதம் முன்பு எழுத்தில் தெரிவித்து, மேலும் 3 ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம்” என்று எழுதச் சொல்லுங்கள். புது வாடகையையும் அங்கேயே குறித்துவிடுங்கள். பழைய வாடகைக்கு மேல் 15 சதவீதம் என்பதுபோல. ‘சந்தை நிலவரப்படி’ என்று விட்டால் வம்புதான். உரிமையாளர் தயங்கினால் சதவீதத்தில் விட்டுக்கொடுங்கள், நீட்டிப்பு உரிமையில் வேண்டாம்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் செலவுக்கு அஞ்சி 11 மாத ஒப்பந்தத்துக்குத் தலையாட்டாதீர்கள்.