அரை வினாடி

அன்புள்ள ஐயா,

லினக்ஸா விண்டோஸா, எந்த இயங்குதளம் பாதுகாப்பானது என்று பழைய நண்பன் ஒருவனுடன் இணையத்தில் மூன்று நாள் சண்டை. லினக்ஸின் மூல நிரலை உலகமே பார்க்கிறது, அதில் வைரஸ் வராது என்றேன். விண்டோஸை நிறைய பேர் வைத்திருப்பதால்தான் அதைக் குறிவைக்கிறார்கள் என்றான் அவன். கடைசியில் அவனை ‘கம்பெனி அடிமை’ என்று எழுதிவிட்டேன். இப்போது பேச்சு நின்றுவிட்டது. யார் சொன்னது சரி? அப்பாவுக்கு ஒரு கணினி வாங்குகிறேன். எதைப் போட்டுக் கொடுக்கலாம்? ஆன்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

போன வாரம் என் பழைய பதிவுகளைக் களைந்துகொண்டிருந்தபோது நான் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டு, இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் திட்டு.

எந்தத் தைரியத்தில் ‘வைரஸ் வராது’ என்றீர்கள்? 1988 நவம்பரில் இணையத்தையே திணறடித்த மாரிஸ் புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் நிரல்) புகுந்தது லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் ஓடிய கணினிகளில். லினக்ஸ் அப்போது பிறக்கவே இல்லை என்பீர்கள். சரி, ஷெல்ஷாக்? லினக்ஸில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்தும் பாஷ் நிரலில் 1989-இல் நுழைந்த பிழை 2014 செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. கால் நூற்றாண்டு அந்த நிரல் திறந்தேதான் கிடந்தது. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் நண்பர் சொன்னதும் பாதிதான் சரி. உலகத்து சர்வர்களில் பெரும்பங்கு லினக்ஸில் ஓடுகிறது. திருடனுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

ஆன்டிவைரஸ்: விண்டோஸோடு வருவதே போதும். மேலே போகலாம்.

நீங்கள் இருவரும் மூன்று நாள் மல்லுக்கட்டியதற்குப் பதிலாக எக்ஸ்இசட் கதையைப் படித்திருக்கலாம். கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல் அது. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஒற்றை ஆளாக, சம்பளமில்லாமல் அதைப் பராமரித்து ஓய்ந்துபோயிருந்தார் ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் யாரோ உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024 தொடக்கத்தில் உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்கள். பல சர்வர்களுக்குள் கடவுச்சொல் இல்லாமலே நுழையும் வழி அது.

ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்பவர் அப்போது வேறேதோ வேலையாக இருந்தார். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவது தெரிந்தது. நீங்களும் நானும் என்றால் நெட் ஸ்லோ என்று காப்பி போடப் போயிருப்போம். அந்த மனிதருக்கு அது ஆறவில்லை. தோண்டினார். அது எக்ஸ்இசட்டில் போய் நின்றது. மார்ச் 29 அன்று ஊரறியச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்வதற்குள் தடுத்தாகிவிட்டது. அரை வினாடி! இதை நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சலித்திருக்கிறேன், இன்னமும் சொல்வேன். ஒரு விஷயத்தை விட்டுவிட்டேனே, அவர் வேலை பார்த்தது மைக்ரோசாப்டில். லினக்ஸைக் காப்பாற்றியவர் உங்கள் கணக்கில் கம்பெனி அடிமை.

இனி அந்த வரி. 2017 மே 12, விண்டோஸ் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை என்ற புழு பரவிய நாள். அதில் என் நண்பன் ஒருவனின் அலுவலகக் கணினியும் பூட்டிக்கொண்டது. அவனுடைய மகளின் சிறுவயதுப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. அவன் புலம்பி எழுதியதற்குக் கீழே நான் எழுதினேன்: “ஜன்னலைத் திறந்து போட்டால் திருடன் வரத்தானே செய்வான்?” ஏகப்பட்ட பேர் சிரித்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அவன் கணினியில் இரண்டு மாதமாக யாரும் அதைப் போடவில்லை என்று வேறு எடுத்துச் சொன்னேன், பெரிய மேதாவி மாதிரி.

அன்றிரவு என் தளம் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வருக்குள் ஏதோ வேலையாக நுழைந்தேன். முதல் வரியிலேயே நின்றது: 142 புதுப்பிப்புகள் நிலுவையில் உள்ளன. நான் அதற்குள் போயே பதினொரு மாதம் ஆகியிருந்தது. யாரும் புகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்பா விஷயத்தை மறந்தே போனேன். அவருக்கு எது கைப்பழக்கமோ அதையே போட்டுக் கொடுங்கள். புதுப்பிப்பு தானாக ஓடும்படி வைத்துவிட்டு, அவருடைய படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வயரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவது முக்கியம், மாட்டியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

‘அடிமை’ என்று எழுதியதை இன்றைக்கே அழித்துவிட்டு உங்கள் நண்பருக்கு ஒரு போன் போடுங்கள். என் ஜன்னல் வரிக்கு என் நண்பன் இதுவரை பதில் எழுதவில்லை.