சம்மதித்தவளுக்கு ஊடல் உண்டா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு முப்பத்தாறு வயது. பெங்களூரில் இருக்கிறோம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நாம் சேர்ந்தே இருப்போம், ஆனால் ஆளுக்கு வேறு உறவுகளுக்கும் இடம் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவர் கேட்டார். ஒளிவுமறைவு கிடையாது. மூன்று மாதம் யோசித்துச் சரி என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நடுவில் எனக்கும் ஒருவருடன் ஏழெட்டு மாதம் பழக்கம் இருந்தது. இதமாகத்தான் இருந்தது. அவர் வெளிநாடு போனதும் முடிந்துவிட்டது.

கணவருக்கு இப்போது ஒரு தோழி. சனிக்கிழமை சாயங்காலம் அவளைப் பார்க்கப் போவார். எங்கள் கூகுள் காலண்டரில் அந்த நேரத்துக்குப் பச்சை நிறம். மற்ற நாளில் ஒரு கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போடாதவர், அன்றைக்கு மட்டும் தன் சட்டைக்குத் தானே போடுகிறார். அந்தச் சூட்டு வாசனை வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சொன்னால், “நீயும் சம்மதிச்சதுதானேம்மா” என்கிறார், அன்பாகத்தான். துணையின் இன்னொரு காதலைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குக் ‘கம்பர்ஷன்’ என்று பெயராம். எனக்கு அது வரவே இல்லை. நம் சங்கப் பாட்டிலேயே இதெல்லாம் உண்டே என்கிறாள் ஒரு சிநேகிதி.

சம்மதித்த பிறகு வலிக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாள். போகலாமா? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த இஸ்திரி வாசனையில்தான் வந்து நின்றேன்.

உரிமை உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் சிநேகிதி சொல்வது பாதிதான் சரி. மருதத்திணைத் தலைவன் பரத்தையிடம் போனான். தலைவியை யாரும் கேட்கவில்லை. உங்களைக் கேட்டார்கள். அந்த வித்தியாசம் பெரியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கப்படாத அந்தத் தலைவியிடம் ஒன்று இருந்தது. திரும்பி வருகிறவனுக்கு அவள் வாயில் மறுக்கலாம், அதாவது உள்ளே விடாமல் நிறுத்தலாம். பாணனைத் தூது விட்டாலும் மறுக்கலாம். பாட்டின் கீழே ‘வாயில் மறுத்தது’ என்று துறைக்குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊடல் அவளுடைய சொத்து. உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதற்குத் தலைகீழ். சம்மதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், கூடவே ஊடலையும் வாங்கிக்கொண்டார்கள்.

சம்மதம் என்ற இந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு பழைய கதை உண்டு. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியோடு அவள் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு கொள்வதைக் குற்றம் என்றது. கணவன் சரி என்றால் குற்றமே இல்லை. மனைவி சரி என்றாளா என்று சட்டம் கேட்கவில்லை. தன் கணவன் போனால் அவள் இந்தப் பிரிவில் வழக்குப் போடவும் முடியாது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதை நீக்கினார்கள். ஆக, இந்த விஷயத்தில் மனைவியின் ‘சரி’க்கு ஒரு மதிப்பு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. வந்த வேகத்திலேயே அது அவள் வாயை அடைக்கப் பயன்படுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதை முழு அறிவோடு, கண்ணைத் திறந்துகொண்டு செய்து பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவார். 1929 அக்டோபரில், பாரிஸில் லூவ்ர் அருகே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது, நம் உறவுக்கு இரண்டு வருஷக் குத்தகை போட்டுக்கொள்ளலாம் என்றார் அவருடைய காதலர், தத்துவவாதி சார்த்தர். அவர்களுடையது அவசியமான காதல், மற்றவை தற்செயலானவை. இருவரும் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்கக் கூடாது. அந்த ஏற்பாடு வடிவம் மாறி, 1980இல் சார்த்தர் சாகும்வரை நீடித்தது.

உலகம் அவர்களை முன்னுதாரணமாகப் பார்த்தது. பொவார் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்த ஒரு மதிய உணவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நாற்பதுகளின் நடுவில், சார்த்தருக்கு நியூயார்க்கில் டொலோரஸ் வனெட்டி என்ற பெண்ணோடு ஆழமான உறவு. ஒரு நாள் சார்த்தரோடு நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் புறப்படும் நேரத்தில் பொவார் அவரிடம் கேட்டுவிட்டார்: உனக்கு யார் முக்கியம், அவளா நானா? அவள் எனக்கு மிகவும் முக்கியம், ஆனால் இருப்பது உன்னோடுதான் என்கிற மாதிரி பதில் வந்தது. பொவாருக்கு மூச்சு முட்டியது. ஒப்பந்தத்தை மதிக்கிறேன், அதற்கு மேல் கேட்காதே என்றுதான் அது அவர் காதில் விழுந்தது. அதன் பிறகு அந்த விருந்தில் கை குலுக்குவதும் புன்னகைப்பதும் தட்டில் இருந்ததைச் சாப்பிடுவதும் பெரும்பாடாகிவிட்டது.

உங்கள் சனிக்கிழமையும் அந்த மதிய உணவும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. பெண்ணின் நிலையைப் பற்றி நூற்றாண்டின் பெரிய நூலை 1949இல் எழுதப்போகிறவர் அவர். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் தெரியும். இருந்தும் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கே அப்படியென்றால், உங்களுக்கு ‘மனப்பக்குவம் போதவில்லை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அதே பொவார்தான் 1947இல் சிகாகோவில் எழுத்தாளர் நெல்சன் ஆல்கிரனைக் காதலித்தார். உங்கள் ஏழெட்டு மாதத்தை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், ஏதோ அதைச் சொல்வது உங்கள் வலியின் நியாயத்தைக் குறைத்துவிடும் என்பதுபோல. குறைக்காது. பொவாருக்கு அந்தக் காதல் நிஜமான மகிழ்ச்சி. ஆல்கிரன் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார். பாரிஸையும் சார்த்தரையும் விட்டு வர பொவாரால் முடியவில்லை. இந்தப் பக்கம் வலித்தவரே அந்தப் பக்கம் இன்னொருவரை வலிக்கவைத்தார். 1986இல் அவரைச் சார்த்தரின் கல்லறையில் அடக்கம் செய்தபோது விரலில் ஆல்கிரன் போட்ட மோதிரம் இருந்தது.

‘கம்பர்ஷன்’ பற்றி. சான்ஃபிரான்சிஸ்கோவில் கெரிஸ்டா என்றொரு சமூகக் குடியிருப்பு இருந்தது. அங்கே பிறந்த சொல் அது. எந்த இரவு யார் யாரோடு என்று அவர்கள் சுழற்சி முறை வைத்திருந்தார்கள், உங்கள் பச்சை நிறத்துக்கு அது முன்னோடி. 1991இல் கலைந்துபோனார்கள். அந்த உணர்வு பொய் என்று நான் சொல்லவில்லை. அது வாய்த்த பெண்கள் சிலரோடு பேசியிருக்கிறேன், அவர்கள் முகத்தில் நடிப்பு இல்லை. ஆனால் ஒருத்திகூட முயற்சி செய்து அதை வரவழைத்ததாகச் சொல்லவில்லை. தன் பங்கு தனக்கு நிறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் தானாக வந்தது என்றார்கள். பிரசவத்துக்குப் பிறகோ வேலை போன சமயத்திலோ காணாமல் போனது என்றார்கள். வரவில்லை என்று உங்களுக்கு நீங்களே ஃபெயில் மார்க் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு. உங்களுக்காக அந்த இஸ்திரிப்பெட்டி கடைசியாக எப்போது சூடானது? அவர் அவளிடம் போவது வலிக்கிறதா, ஞாயிறு முழுக்கப் பனியனோடு சோபாவில் கிடக்கிறவர் சனிக்கிழமை வேறு ஆளாகிவிடுவது வலிக்கிறதா? இரண்டாவது என்றால், ஒப்பந்தத்தை முறிக்காமலே கேட்டு வாங்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதலாவது என்றால், ஒப்பந்தத்தையே திறந்து பேச வேண்டும். பொவாரும் சார்த்தரும் போட்டது இரண்டு வருஷக் குத்தகை. உங்களுக்கும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இதைச் சனிக்கிழமை பேசாதீர்கள். புதன்கிழமை, ஃபோனை வைத்துவிட்டு, “வேண்டாம்னு சொல்லல, வலிக்குது, இத நீங்க கேட்கணும்” என்று ஆரம்பியுங்கள். “நீயும் சம்மதிச்சதுதானே” என்ற வாக்கியம் மறுபடி வந்தால், ஆமாம், சம்மதித்தவள்தான் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணைப் பார்க்கலாமா? குறுந்தொகையின் எட்டாம் பாட்டைப் பேசுகிறவள் பரத்தை. எங்கள் வீட்டுக்கு வந்தால் பெருமை பேசுகிறான், தன் வீட்டிலோ கண்ணாடியில் தெரியும் பாவைபோல, மகனின் தாய் கை தூக்கினால் தூக்குகிறான் என்கிறாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைவிதான் எல்லாம் வாய்த்தவள். உங்களைப் பற்றி இந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, உங்களுக்குத் தெரியாது.

பியாங்கா லாம்ப்ளினைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பொவாரின் மாணவி. ஆசிரியரும் சார்த்தரும் சேர்ந்து தங்கள் உறவுக்குள் இழுத்துக்கொண்டு, 1940இல் கைவிட்ட இளம்பெண். மாணவியை வைத்துச் செய்ததை நான் ஒப்பந்தம் என்று ஏற்கமாட்டேன். பொவார் சார்த்தருக்கு எழுதிய கடிதங்கள் 1990இல் அச்சில் வந்தபோதுதான், தன்னைப் பற்றி அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை லாம்ப்ளின் படித்தார். ஐம்பது வருஷம் கழித்து. 1993இல் தன் கதையைத் தானே எழுதினார்.

அதனால் போய்ப் பாருங்கள். வீட்டில் வேண்டாம், ஏதாவது ஒரு காபிக் கடையில். கணவர் கூட வர வேண்டாம். அவர் உங்களிடம் அவளைப் பற்றிச் சொன்னதையும், அவளிடம் உங்களைப் பற்றிச் சொன்னதையும் நீங்கள் இரண்டு பேரும் நேரில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் புதன்கிழமைப் பேச்சுக்கு முன்னாலேயே.

அன்புடன்,
அக்கா