‘ஒரு மாதம் இலவசம்’ என்கிறார்கள், பிராட்பேண்டை மாற்றலாமா?

இலவச மாதத்தை விடுங்கள், அடுத்து வரும் பில்லைப் பாருங்கள். விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 589 ரூபாய். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான் அந்த இலவசம் என்றால், அது வெறும் 14 சதவீதத் தள்ளுபடி. நான் அப்படிக் கட்டி மாட்டிக்கொண்டேன்: மழை பெய்தால் ரவுட்டரில் சிவப்பு விளக்கு, ஆள் வர நான்கு நாள்.

2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்தபோது பலர் பழைய சிம்மை விடாமல் இதையும் வாங்கி வைத்தார்கள். 2017இல் கட்டணம் வந்த பிறகுதான் எதை வைத்துக்கொள்வது என்று யோசித்தார்கள். முன்பணம் கேட்காவிட்டால் நீங்களும் பழைய இணைப்பைத் துண்டிக்காமல், அந்த இலவச மாதத்தில் புதியதை ஓட்டிப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால் திக்காமல் போகிறதா? சரி, மாறலாம். ரவுட்டர் டெபாசிட் திரும்ப வருமா என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.