பழசானது போன் அல்ல

அன்புள்ள அக்கா,

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் இருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வெப் டெவலப்பராக வேலை பார்க்கிறேன். ஊரணிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஓர் உறுத்தல். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் பசுமை வாழ்க்கை பற்றிப் பேசலாமா? முடிந்ததைச் செய்கிறேன். எல்லாத் திரையும் டார்க் மோடில் இருக்கிறது. பழைய மெயில்களை அழிக்கிறேன். வீட்டில் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டேன். சோலார் போட விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 2017-ல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை. மின்சாரம் குறைவாக எடுக்கும் புதியது ஒன்று வாங்கலாமா என்று யோசனை. நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து ஏசி இல்லாமல் வாழ்ந்த அதே வீட்டில், நான் ஓர் அறையை அடைத்து ஏசி போட்டிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? ஓய்வு நேரத்தில் ஒரு பலகாரக் கடைக்கு நான் செய்துகொடுத்த தளத்தின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ந., கானாடுகாத்தான்

அன்புள்ள தம்பி,

கடிதங்களை ஆறப்போட்டுத்தான் பதில் எழுதுவது என் வழக்கம். உங்களுக்கு உடனே எழுதுகிறேன். இதே விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே மனம் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டார்க் மோட் கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிர்கிற ஓஎல்இடி திரையில்தான் அதனால் மின்சாரம் மிச்சமாகும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது எல்சிடி என்றால், பக்கம் கறுப்பாக இருந்தாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், அதில் பலன் உண்டு. பழைய மெயிலை உட்கார்ந்து அழிக்கிற வேலையை விட்டுவிடுங்கள். அழிக்கிற நேரத்துக்குத் திரை எரிகிற செலவே அதிகம். சோலார், மொட்டை மாடி இருந்தால் போடுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஓட்டுச் சரிவின் மேல் மட்டும் ஆள் ஏற்றாதீர்கள், உடைந்தால் அந்த ஓட்டுக்கு ஜோடி தேடி அலைய வேண்டிவரும்.

ஏசியைப் பற்றி ஒரு கணக்கு. லேப்டாப் 30 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 டன் ஏசியின் கம்ப்ரஸர் ஓடும்போது ஏறத்தாழ 1000 வாட். உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் கம்ப்யூட்டர் ஒரு பொருட்டே இல்லை, ஏசிதான் எல்லாம். காலையில் முற்றத்தைச் சுற்றிய வளவுப் பக்கம் உட்கார்ந்து வேலை பாருங்கள். மத்தியான வெயிலுக்கு அறைக்குள் போய் 26-ல் வைத்து, கூடவே மின்விசிறியையும் போடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் இதற்காக யாரும் உங்களைக் குற்றம் சொல்லப்போவதில்லை.

ஆனால் "இயற்கையோடு இயைந்து" என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட முடியாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு. தரை இத்தாலியப் பளிங்காக இருக்கலாம். கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்திருக்கும். லேவாதேவியில் சேர்ந்த பணத்தில், அந்நிய நாட்டுக் காட்டை வெட்டி, கடல் தாண்டிக் கொண்டுவந்து கட்டியது அது. அதைப் போய் இயற்கை வாழ்க்கை என்று சொன்னால், வெட்டுப்பட்ட காட்டுக்கு யார் பதில் சொல்வது? தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்ததையும் சொல்லுங்கள். மற்றபடி அந்த வீட்டின் பெருமை அது நிலைத்து நிற்பதில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு பெரிய செலவில் கட்டியதில் இன்றைக்கு ஒருவன் உட்கார்ந்து கோட் எழுதுகிறான். அந்த வீட்டுக்கு ஆன தேக்கும் பளிங்கும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். அங்கே விற்பனைக்கு நிற்கிற தூண்களைத் தட்டிப் பாருங்கள். ஒன்றுகூட உளுத்தது இல்லை. பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாமல், பராமரிக்க ஆள் இல்லாமல் வீட்டை இடித்தார்கள். தூண் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

உங்கள் லேப்டாப்பும் அப்படித்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். உங்கள் இயந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. நேற்றுவரை ஓடிய ஒன்றின் உள்ளே எதுவும் கெடவில்லை.

புதியது மின்சாரம் குறைவாக எடுக்கும் என்கிறீர்கள். 10 வாட் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் மிச்சம் 24 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக வருஷத்துக்கு 17 கிலோ மிச்சம். ஒரு லேப்டாப்பைச் செய்து முடிக்க, சுரங்கத்திலிருந்து சிப் ஆலை வரைக்கும், 200 கிலோ அளவுக்கு வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட 12 வருஷம் ஆகும். பன்னிரண்டு வருஷம் அந்தப் புதியதை வைத்திருப்பீர்களா?

நீங்கள் செய்யக்கூடியது இது. ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் இருக்கிறதென்றால் அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். ரேமைக் கூட்ட முடியுமென்றால் 16 ஜிபி ஆக்குங்கள். உள்ளே தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லுங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றுங்கள். உங்கள் வேலைக்கான எடிட்டர், நோட் ஜேஎஸ், பிரவுசர் எல்லாம் அதில் ஓடும் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பேட்டரி சோர்ந்திருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றி, 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவையுங்கள். வெயிலும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பக்கத்து ஊர் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். பேட்டரியைக் கண்டபடி தூக்கிப் போடுவது மற்ற ஊரைவிட நம் ஊரில் கூடுதல் அவமானம்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

பள்ளத்தூரில் எனக்கு வேண்டிய ஓர் ஆச்சி. மகன் குடும்பம் சிங்கப்பூரில். பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறார். 2 ஜிபி ரேம் உள்ள ஒரு போன் வைத்திருந்தார். உறையைப் போட்டு, கீறல் விழாமல், நகையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொள்வார். பேரனோடு பேச, சிலிண்டர் பதிய, கோயில் திருவிழாப் படம் பார்க்க அது போதுமாக இருந்தது. கண் டாக்டரிடம் நாள் வாங்க ஒரு மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வெள்ளையாகவே நின்றது. அப்புறம் போனே சூடாகி அணைந்துவிட்டது. மறுபடி முயன்றபோதும் அப்படியே. கடைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்த பையன், "ஆச்சி, போன் பழசாப் போச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்றான். வாங்கிவிட்டார். "எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியலையோ என்னமோ" என்று என்னிடம் கூச்சத்தோடு சொன்னார். அந்தக் கூச்சத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பக்கத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அதில் வேண்டியது பெயர், வயது, தேதி, போன் நம்பர். அதற்கு 9 எம்பி இறங்குகிறது. கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் வீடியோ தானாக ஓடுகிறது. தமிழுக்கு மூன்று ஃபாண்ட், ஒவ்வொன்றிலும் நாலு தடிமன். ஓரத்தில் ஒரு பொம்மை கை ஆட்டுகிறது. தேதி தேர்ந்தெடுப்பதற்கென்று யாரோ எழுதிவைத்த கோடை அள்ளிவரும் லைப்ரரி ஒன்று தனியாக. பிரவுசரிலேயே தேதிக் கட்டம் இருக்கும்போது அது எதற்கு?

பிறகு உங்கள் பலகாரக் கடைத் தளத்தைத் திறந்தேன், தம்பி. மணகோலம் எண்ணெயில் பொரிகிற வீடியோ தானாக ஓடுகிறது. சீப்புச் சீடைக்கு வைத்திருக்கும் படம் சுவரொட்டி அடிக்கிற அளவு. விலைப்பட்டியலுக்குக்கூட ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பிரவுசருக்குள் ஓடுகிற நிரல், வந்து சேர வேண்டியிருக்கிறது. வீட்டில் பிளாஸ்டிக் வாளியை ஒழித்தவர் செய்த தளம் இது!

"ஒரு ஜிபிக்கு இத்தனை கிராம் கார்பன்" என்கிற கணக்கை வைத்து நான் பேசவில்லை. அந்தக் கணக்குகள் பலவும் தள்ளாடுபவை. அரைமணி நேர வீடியோவுக்கு 1.6 கிலோ என்று 2019-ல் பிரான்சின் ஷிஃப்ட் பிராஜெக்ட் என்கிற ஆய்வு அமைப்பின் பெயரில் ஓர் எண் பரவியது. பன்னாட்டு எரிசக்தி முகமை 2020-ல் அது பல மடங்கு மிகை என்று காட்டியது. கம்பியில் போகிற டேட்டாவைவிட அது போய்ச் சேருகிற கருவியைப் பற்றித்தான் என் கவலை. படம் ஒரு எம்பி என்றால் போன் அதை விரித்துக் காட்டினால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு எம்பி என்றால் படித்து, தொகுத்து, இயக்க வேண்டும். உங்கள் மேஜையில் நொடியில் முடிகிற வேலை, ஆச்சியின் போனில் மூச்சுத் திணறல். இணையப் பக்கங்களை அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் 2024-ல் எடுத்த கணக்கில், கைபேசிக்கு வருகிற நடுத்தரப் பக்கமே 2.3 எம்பி. வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. போன் அப்படியேதான் இருக்கிறது, பக்கம்தான் பெருத்துப்போனது. பழி மட்டும் போனுக்கு.

ஒரு லட்சம் பேர் வந்துபோகிற ஒரு தளம். உங்கள் பக்கத்தின் கனத்தால் அதில் நூறு பேர் போனை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போன் செய்ய ஏறத்தாழ 50 கிலோ கரியமில வாயு. நூறுக்கு 5000. உங்கள் லேப்டாப் வருஷம் முழுக்க எடுக்கிற மின்சாரத்துக்கு 50 கிலோதான். நூறு வருஷம் நீங்கள் டார்க் மோடில் தவம் இருந்தாலும் இது கழியாது. 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவு போட்டது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது அதில் கால் பங்குகூட இல்லை. போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் வங்கி வேலைக்காக மாற்றுவது நியாயம். பலகார விலை பார்க்க மாற்றுவது அநியாயம்.

"கிளையன்ட்தான் வீடியோ கேட்டார்" என்று எழுதாதீர்கள். கடைக்காரருக்குச் சீடை சுடத் தெரியும், எம்பி தெரியாது. அது தெரிந்தவர் நீங்கள்தான். எடுத்துச் சொல்வதும் உங்கள் வேலைதான். வீடியோவுக்குப் பதில் ஒரு படம் வையுங்கள், தொட்டால் ஓடட்டும். படங்களை அளவு சுருங்கிய வெப்பி (WebP) வடிவத்தில், திரைக்குத் தேவையான அகலத்தில் கொடுங்கள். ஆண்ட்ராய்டிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது, அது போதும். அழகுக்கு ஒன்று வேண்டுமென்றால் தலைப்புக்கு மட்டும், ஒரே தடிமனில். விலைப்பட்டியல் சர்வரிலிருந்தே வெறும் எச்டிஎம்எல்லாக வந்து சேரட்டும்.

பிரவுசரின் டெவ் டூல்ஸில் வேகத்தைக் குறைத்துச் சோதித்தேன் என்றும் சொல்லாதீர்கள். ஆச்சியின் பழைய போன் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன், தாராளமாக என்றார். காரைக்குடிப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பலகாரக் கடைத் தளம் அதில் திறந்து, விலைப்பட்டியல் தெரிகிற வரைக்கும் அதைத் திருப்பித் தர வேண்டாம்.

அன்புடன்,
அக்கா