பெட்ரோல் போனால் ஜியோலைட்டும் போய்விடுமா?

சார், மகள் வேதியியல் முதுகலை முடித்த கையோடு பெருந்துளை ஜியோலைட் வினையூக்கிகளில் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றதும் உங்களுக்குத் தூக்கமே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சார வண்டி வந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் ஆலையை நம்பி இத்தனை வருஷம் படிப்பதா என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அவள் கற்கப்போவது பெட்ரோலை அல்ல.

ஜியோலைட் என்பது சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த படிகம், உள்ளே முழுக்க ஒரே அளவுத் துளைகள். பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்கள் வளையமாக நின்று வாசல் அமைத்தால் அது பெருந்துளை வகை. ஒய் (Y) என்ற வகை ஜியோலைட்டில் வாசல் சுமார் 0.74 நானோமீட்டர், அதைத் தாண்டினால் 1.3 நானோமீட்டர் அறை, அங்கே அமிலத்தன்மை காத்திருக்கும். எண்ணெயில் உள்ள பெரிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறு உள்ளே போய் உடைந்து வெளியே வரும். 1960களின் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்து ஜியோலைட்டை எண்ணெய்ப் பிளப்பு ஆலைகளில் போட்டார்கள், அதே எண்ணெயிலிருந்து கூடுதல் பெட்ரோல் வந்தது. அன்று பிடித்த இடத்தை அது இன்னும் விடவில்லை.

சரி, பெட்ரோல் தேவை குறைந்தால்? அதே ஆலையிலிருந்து பிளாஸ்டிக்குக்கான புரொப்பிலீனும் வருகிறது. பென்சீனையும் புரொப்பிலீனையும் சேர்த்துக் கியூமின் என்ற இடைநிலை வேதிப்பொருள் செய்ய பீட்டா என்ற இன்னொரு பெருந்துளை ஜியோலைட் பயன்படுகிறது, கியூமினிலிருந்து பீனாலும் அசிட்டோனும். முன்பு அந்த வேலையை அலுமினியம் குளோரைடும் பாஸ்பாரிக் அமிலமும் செய்தன, அரிப்பும் கழிவும் பெரிய தலைவலி. பிளாஸ்டிக் கழிவைத் திரும்ப எண்ணெயாக்கும் ஆராய்ச்சியிலும் இதே ஜியோலைட்டுகளுக்கும் இடம் இருக்கிறது.

எனக்கு வேலையை விட அவளுடைய பொறுமையைப் பற்றித்தான் கவலை. ஒய் ஜியோலைட் செய்ய ஜெல் கலக்கி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தப் பாத்திரத்தில் மூடி, வெப்ப அடுப்பில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் அதிக நேரம் விட்டால் அது பி (P) என்ற இன்னொரு ஜியோலைட்டாக மாறிவிடும், துளை சின்னது, நமக்கு உதவாது. கண்ணுக்கு இரண்டுமே வெள்ளைப் பொடிதான்! எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் என்ற படிக அமைப்புச் சோதனை போட்டால்தான் தெரியும். அப்புறம் மறுபடியும் ஜெல்லிலிருந்து தொடங்க வேண்டும். இதில் சலிப்பு வராதவள் என்றால் தைரியமாக அனுப்புங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் துறையில் நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுக்குள் நுழைய பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள், ஆலையை ஓட்டும் வேலைகளுக்கு கெமிக்கல் இன்ஜினியர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனால் வேதியியல் பின்னணியில் வருகிறவள் ரியாக்டர் கணக்கு, வாயு குரோமட்டோகிராஃபி (கலவையைப் பிரித்து அளக்கும் முறை), கொஞ்சம் புரோகிராமிங் மூன்றையும் ஆராய்ச்சியோடு சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். பொடி செய்யத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பொடியைப் பைண்டர் என்ற ஒட்டுப்பொருள் சேர்த்து உருளையாக்கி, நூற்றுக்கணக்கான மணி நேரம் ரியாக்டரில் ஓட்டி, கரி படிந்து எப்போது செத்துப்போகிறது, எரித்தால் உயிர் திரும்புகிறதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆகவே கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருநாள் அவள் அந்த லேபுக்கு நேரில் போகட்டும். ரியாக்டர் உண்மையிலேயே ஓடுகிறதா, அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று மூத்த மாணவர்களிடம் கேட்டு வரட்டும். அந்தப் பதிலை எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.