பீநட் பட்டர் வீட்டில் அரைத்தால் மாவாகவே நிற்கிறது, எண்ணெய் ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். மிக்சியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, பொடியாக இருக்கிறதே என்று நிறுத்தியிருப்பீர்கள். வேர்க்கடலையின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், அது வெளியே வரும்வரை அரைக்க வேண்டும்.

நாங்கள் குடியாத்தம் தாண்டி பரதராமி பக்கம், சித்தூர் எல்லை. பாதி உறவு தெலுங்கில் கொஞ்சும், மீதி தமிழில் சண்டை போடும். மானாவாரியில் கடலை போட்டே பிழைத்த வீடு. இட்லிக்குக் கடலைப்பொடி அரைக்கும்போது "விட்டு விட்டு ஓட்டு, எண்ணெய் கக்கிடும்" என்று எங்கள் அத்தை அதட்டுவார். பொடிக்கு ஆகாத அதே சங்கதிதான் உங்களுக்கு இப்போது வேண்டியது. பெங்களூரில் ஜிம்முக்குப் போகும் அண்ணன் மகன் பொங்கலுக்கு வரும்போது ஒரு டப்பா பீநட் பட்டர் வாங்கி வந்தான், கடலை விளையும் வீட்டுக்கு! லேபிளில் சர்க்கரையும் ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெயும் போட்டிருந்தது. அந்த எண்ணெய் எதற்கென்றால், கடலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் பிடித்து வைக்க. கடை டப்பா விஷம் என்று நான் சொல்லவில்லை, வாங்குகிறவர்கள் வாங்கட்டும். "அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க சித்தப்பா" என்றான், செய்தேன்.

சொத்தை, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாம் முதலில் பொறுக்கி எறிய வேண்டும், ஏனென்றால் பூஞ்சையில் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. அப்புறம் இரும்புச் சட்டியில் சிறு தீயில் நிதானமாக வறுத்து, தோலைத் தேய்த்து, முறத்தில் புடைத்து, லேசான சூடு இருக்கும்போதே ஜாரில் போடுங்கள். முதலில் பொடி, பிறகு உருண்டையாகத் திரண்டு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு சும்மா சுற்றும். எல்லாரும் எண்ணெய் பாட்டிலைத் தேடுவது இந்த இடத்தில்தான். வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், ஜார் சுட்டால் ஆறவிட்டு ஓட்டுங்கள், திடீரென்று இளகிக் கொழகொழவென்று வந்துவிடும். அண்ணன் மகன் வாயைப் பிளந்து பார்த்தான்.

ஈரம் மட்டும் ஆகாது. ஈரம் என்றதும் மண்டி ஞாபகம் வருகிறது. காய்ந்து கலகலவென்று சத்தம் போடும் காயைக் கொண்டுபோனாலும் "ஈரம் இருக்குதுங்க" என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்து, காட்டுப்பன்றிக்கும் கௌண்டின்யா காட்டு யானைக்கும் தப்பிய காய் அது! அந்தக் கழிவை எவன் திருப்பித் தருவான்? கேட்டால், பிடிக்கவில்லை என்றால் வேறு மண்டிக்குப் போ என்பார்கள், அங்கேயும் இதே கதைதான்.

சரி, உப்பு ஒரு சிட்டிகை போதும். வெல்லம் வேண்டாம், அதில் ஈரம் உண்டு, விழுது கட்டிப்போகும். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் கொட்டிவிடாதீர்கள், கிளறினால் சேர்ந்துகொள்ளும். சிக்கு வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.